பார்க்கிறதுக்குக் கூலி

சென்னை அண்ணா சாலையிலிருந்து ரிச்சி தெருவுக்குள் திரும்பினால் கண்ணை நிறைப்பவை கடைகள். நான் பார்க்கப் போனது அவற்றின் மாடியில் இருக்கும் பட்டறைகளை. ஒருவர் இறங்கினால் மற்றவர் ஒதுங்கி நிற்க வேண்டிய குறுகலான படிக்கட்டு. மேலே நீளமான மேசை, அதன்மேல் ரப்பர் விரிப்பு, மல்டிமீட்டர், ஹாட் ஏர், ஃப்ளக்ஸ் புகையின் வாசனை, சுவரோரம் அடுக்கிய லேப்டாப்கள். அரசு முத்திரை பதித்த மூடிகளும் அந்த அடுக்கில் உண்டு. 2011-இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் மாணவர்கள் கைக்கு வந்தவை. எல்லா மூடியிலும் மாஸ்கிங் டேப்பில் ஒரு துண்டுச் சீட்டு ஒட்டியிருக்கிறது. வாடிக்கையாளர் சொல்வதைக் கேட்டுக் கீழே கவுண்டரில் எழுதுவது அது. ‘டெட்’, ‘நோ டிஸ்ப்ளே’, ‘கீபோர்டு’ என்ற சீட்டுகளுக்கு நடுவே திரும்பத் திரும்ப வருவது ‘ஹேங்’. ஓடிக்கொண்டிருக்கும்போதே உறைந்து நிற்கிறது, ஷட் டவுன் கொடுத்தால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது, வேறு வழியில்லாமல் பவர் பட்டனை அமுக்கிப் பிடித்து அணைக்கிறேன் என்று வந்தவர் விவரமாகச் சொல்லியிருப்பார். அத்தனையும் படியேறி மேசைக்கு வருவதற்குள் இரண்டெழுத்தாகச் சுருங்கிவிடுகிறது.

இந்தத் தொழிலில் கடினமான வேலை பழுதைக் கண்டுபிடிப்பது. நாம் காசு கொடுப்பதோ மாற்றிய பாகத்துக்கும் புதிதாகப் போட்ட ஓஎஸ்ஸுக்கும். “பார்க்கிறதுக்கு ஒண்ணும் வாங்குறதில்ல சார், சரி பண்ணினா மட்டும்தான் காசு” என்பதைக் கடைக்காரர்கள் பெருமையாகவே சொல்கிறார்கள், நாமும் அதை நேர்மையின் அடையாளமாக எடுத்துக்கொள்கிறோம். அந்த ஏற்பாடுதான் நல்ல கைகாரரையும் கண்டதற்கெல்லாம் ஃபார்மட் அடிப்பவராக மாற்றுகிறது என்பது அந்த மேசைகளின் அருகே நின்றபோது எனக்குத் தெளிவானது. ஷட் டவுனில் நிற்கும் லேப்டாப் அதற்குச் சரியான சான்று. கண்டுபிடிக்க நேரம் பிடிக்கும், கண்டுபிடித்தபின் செய்யும் வேலை பெரும்பாலும் சின்னது.

அணைப்பது என்றால் விளக்கின் சுவிட்சைத் தட்டுவது போல என்று நினைக்கிறோம். உள்ளே நடப்பது கல்யாண மண்டபத்தைக் காலி செய்து சாவியை ஒப்படைப்பது போன்ற வேலை. திறந்திருக்கும் மென்பொருள்கள் ஒவ்வொன்றாகக் கிளம்ப வேண்டும். பின்னால் ஓடும் சர்வீஸ்கள் நிற்க வேண்டும். நினைவகத்தில் மட்டும் இருந்து இன்னும் வட்டில் ஏறாத எழுத்தெல்லாம் எழுதி முடிய வேண்டும். வைஃபை, கிராஃபிக்ஸ், யுஎஸ்பி என்று ஒவ்வொரு டிரைவரும் தன் கருவியை உறங்க வைத்துவிட்டுச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் மின்சாரம் துண்டிக்கப்படும். யார் கிளம்பாவிட்டாலும் மண்டபம் உடனே பூட்டப்படாது. ஆகவே எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதே ஒரு துப்பு. லினக்ஸில் அடங்காத சர்வீஸுக்கு, சர்வீஸ்களை நிர்வகிக்கும் சிஸ்டம்டி வழக்கமாகக் கொடுக்கும் கெடு 90 வினாடி. சரியாக ஒன்றரை நிமிடம் நின்று அணைகிறது என்றால் வட்டையும் போர்டையும் தொடும் முன் அந்த சர்வீஸைத்தான் தேட வேண்டும். விண்டோஸில் ஒரு டிரைவர் மின்சாரத்தை விட மறுத்தால் நிமிடக்கணக்கில் காத்திருந்து, 9எஃப் என்ற எண்ணோடு நீலத் திரை வரலாம். வட்டு எழுத முடியாமல் திணறினால் அதற்கு இப்படி ஒரு கணக்கும் கிடையாது. ‘ரொம்ப நேரம் நிக்குது’ என்று எழுதும்போது இந்த வேறுபாடு முழுக்க அழிந்துபோகிறது.

நான் அதிக நேரம் நின்று பார்த்த மேசையில் இருந்தவருக்கு இருபத்தைந்து வயதுதான் இருக்கும். ‘ஹேங்’ சீட்டு ஒட்டிய லேப்டாப்பை ஆன் செய்து, அது உறையும்வரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். உறைந்ததும் முதலில் மவுஸை நகர்த்தினார், அம்பு நகர்ந்தது. பிறகு கேப்ஸ் லாக்கைத் தட்டினார். விளக்கு எரிந்தது, இன்னொரு தட்டில் அணைந்தது. “உசிரு இருக்கு. எதுக்கோ காத்துட்டு இருக்கு” என்றார். அந்த ஒரு தட்டில் பாதிப் பழுதுகள் பட்டியலைவிட்டு நீங்கிவிட்டன. அம்பும் நகராமல், விளக்கும் மாறாமல், ஒலி ஒரே இடத்தில் கொரகொரவென்று சிக்கியிருந்தால் அவர் கை ரேம் பக்கம் போயிருக்கும். கழற்றி, அதன் தங்கப்பல்லை அழிரப்பரால் தேய்த்து, ஒவ்வொன்றாகப் போட்டுச் சோதித்திருப்பார். அல்லது விசிறியில் அடைத்த தூசியையும் காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டையும் பார்த்திருப்பார். இங்கே இயங்குதளத்தின் மையம் (கெர்னல்) விழித்திருக்கிறது, ஏதோ ஒன்று பதில் சொல்லவில்லை. வட்டு விளக்கு இமைக்காமல் எரிந்தபடி இருந்தது.

உறைவு விலகியதும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து அப்டைமைப் பார்த்தார். அன்றாடம் அணைக்கப்படுவதாகச் சொல்லி வந்த லேப்டாப் பல நாள்களாகத் தொடர்ந்து ஓடுவதாக அது காட்டியது. இது பொய்க் கணக்கல்ல. 2012-இல் வந்த விண்டோஸ் 8 தொடங்கி ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற ஏற்பாடு இருக்கிறது. ஷட் டவுன் கொடுத்தால் நம் பயன்பாட்டை மூடிவிட்டு, மையத்தையும் டிரைவர்களையும் அப்படியே ஒரு கோப்பில் உறைய வைத்து, மறுநாள் அதையே எடுத்து விரிக்கும். திங்கட்கிழமை ஒரு டிரைவருக்குள் நுழைந்த கோளாறு வெள்ளிவரை கூடவே வரும். ரீஸ்டார்ட்தான் முழுதாக மூடித் திறக்கிறது. ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு ஷட் டவுன் கொடுத்தாலும் அந்த முழு மூடல் நடக்கும். ‘ரீஸ்டார்ட் ஒழுங்காக ஆகிறதா, ஷட் டவுனில் மட்டும்தான் நிற்கிறதா?’ என்ற ஒரு கேள்வி கவுண்டரிலேயே கேட்கப்பட்டிருந்தால் மாடியில் அரைமணி நேரம் மிச்சமாகியிருக்கும்.

அதன்பிறகு விண்டோஸின் பதிவேட்டைக் காட்டும் ஈவென்ட் வியூவர். 41 என்ற எண்ணைப் பார்த்தவுடன் பவர் பிரச்சினை என்று சார்ஜரையோ பேட்டரியையோ மாற்றச் சொல்பவர்கள் உண்டு. முறையாக மூடாமல் திரும்பக் கிளம்பியிருக்கிறேன் என்பதற்குமேல் அந்த எண் எதையும் சொல்வதில்லை. பட்டனை நான்கு வினாடி அமுக்கிப் பிடித்தாலே பெரும்பாலும் மறுமுறை அது பதிவாகிவிடும். அவர் அதைத் தாண்டிப் போய் 153-ஐக் கண்டுபிடித்தார். வட்டிடம் கேட்டது கிடைக்காமல் திரும்பக் கேட்க நேர்ந்தது என்று பொருள். வரிசையாகப் பல இருந்தன. கடைசியாக, வட்டின் நலத்தைக் காட்டும் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ. நீலம் இருக்க வேண்டிய கட்டத்தில் மஞ்சள். சி5 வரியில், அதாவது படிக்க முடியாமல் முடிவுக்குக் காத்திருக்கும் செக்டர்களின் வரியில், 1ஏ என்றிருந்தது. அந்த மென்பொருள் பதினாறடிமானத்தில் காட்டுகிறது. நம் கணக்கில் 26. படிப்பு வராத இடத்தில் வட்டு தானே திரும்பத் திரும்ப முயல்கிறது, அதுவரை மற்ற எல்லாம் வரிசையில் நிற்கின்றன. அணைக்கும்போது எழுதி முடிக்க வேண்டியவை குவிவதால் நெரிசல் அங்கே பெரிதாகத் தெரிகிறது. உறைதலும் ஷட் டவுனில் நிற்பதும் ஒரே நோயாகிவிட்டன.

இதே லேப்டாப்பை நேராக ஃபார்மட் செய்திருந்தால் சரியாகிவிட்டதாகவே தோன்றியிருக்கும், என்னை உலுக்கியது அதுதான். நலிந்த செக்டர்மேல் புதிதாக எழுதும்போது வட்டு அதை ஏற்றுக்கொள்ளும், அல்லது ஒதுக்கிவிட்டு உதிரி இடத்துக்கு மாற்றிக்கொள்ளும். சி5 வரி பூஜ்யத்துக்கே இறங்கிவிடலாம், லேப்டாப் வேகமாகத் திறக்கும், வாடிக்கையாளர் மகிழ்ச்சியாகக் காசு கொடுத்துப் போவார். கெட்டுக்கொண்டிருக்கும் பரப்பு அப்படியேதான் இருக்கும். நோய் மறைகிறது, சாட்சியமான பதிவேடு அழிகிறது, படிக்கக் கிடைத்திருக்க வேண்டிய கோப்புகளும் போகின்றன. அடுத்தமுறை வருவது ‘டெட்’ சீட்டோடு.

ஃபார்மட்டால் பல லேப்டாப்கள் உண்மையிலேயே சரியாகின்றனவே என்று கேட்கலாம். ஆம், சரியாகின்றன. இரண்டு ஆன்டிவைரஸ் ஒன்றோடொன்று மல்லுக்கட்டுவது, பொருந்தாத டிரைவர் ஏறியிருப்பது போன்றவற்றுக்கு அது பயன்படும். ஆனால் பெயர் தெரியாத டிரைவர் அடுத்த அப்டேட்டில் திரும்பவும் வந்து உட்கார்ந்தால் அதைத் தடுக்க யாருக்கும் வழி தெரியாது. எல்லாம் எஸ்எஸ்டி ஆகிவிட்டது, செக்டர் கதையெல்லாம் பழையது என்பது இன்னொரு வாதம். எஸ்எஸ்டியும் நலியும், ஹார்டு டிஸ்க்கைப் போலக் கரகரவென்று சத்தமிட்டு எச்சரிக்காது என்பதால் பதிவைப் படிக்கத் தெரிந்தவரின் தேவை கூடுகிறது. என்விஎம்இ வகை எஸ்எஸ்டியில் சி5 என்ற வரியே கிடையாது, மிச்சமிருக்கும் உதிரி இடத்தையும் மீடியா பிழைகளையும் பார்க்க வேண்டும். இதைப் பிரித்தறிவது கைப்பழக்கத்தைவிடப் படிப்பு சார்ந்த திறமை.

வலுவான ஆட்சேபம் வேறு. பார்ப்பதற்கே காசு என்றால் பார்க்காமலே வாங்குவார்கள், சாதாரண மக்கள் ஏமாறுவார்கள். அந்தப் பயம் நியாயமானது. ஆனால் இப்போதைய ஏற்பாட்டிலும் பார்த்த நேரத்தின் விலை எங்கோ ஏற்றப்படத்தான் செய்கிறது. மாற்றத் தேவையில்லாத பாகத்தை மாற்றுவதற்கான தூண்டுதல் அங்கேதான் பிறக்கிறது. எதையும் மாற்றாமல் ஒரு அமைப்பை மட்டும் திருத்திச் சரிசெய்தவர் என்ன சொல்லி வாங்குவார்? ரத்தப் பரிசோதனை நிலையம் தாளைக் கையில் கொடுத்துத்தான் காசு வாங்குகிறது, அதை எந்த மருத்துவரிடமும் காட்டலாம். இங்கேயும் என்ன சோதித்தேன், என்ன எண் வந்தது என்று எழுதிக் கொடுத்துவிட்டு வாங்கட்டும். அடுத்த கடையில் அதைச் சரிபார்த்துக்கொள்ள முடியும். மத்திய அரசு 2022-இல் பழுதுபார்க்கும் உரிமைக்காகக் குழு அமைத்தது, அந்த ஆண்டு டிசம்பரில் இணையதளமும் திறந்தது. உதிரி பாகமும் கையேடும் கிடைக்க வேண்டும் என்ற பேச்சு அவசியமானதே. கையேட்டை விரித்து வைத்து யோசிப்பவரின் நேரத்துக்கு யார் கொடுப்பது என்பதும் அதே பேச்சில் வர வேண்டும்.

அந்த இளைஞர் சீட்டை எடுத்து ‘ஹேங்’ என்பதன் கீழே மூன்று வரி எழுதினார்: கேப்ஸ் எரியுது, 153 நிறைய, சி5 - 26. பிறகு போனை எடுத்தார். “சார், இதுக்கு ஓஎஸ் போட்டா பத்தாது. ஹார்டு டிஸ்க் போய்ட்டிருக்கு. உள்ள இருக்கிறது வேணுமா? ... அப்ப இனிமே அதை ஆன் பண்ணிப் பார்க்க வேண்டாம், மொத வேலையா காப்பி எடுத்துடறேன்.” லேப்டாப்பைக் கவிழ்த்து, வட்டைக் கழற்றி, லினக்ஸ் ஓடும் பழைய கணினியில் மாட்டினார். டிடிரெஸ்க்யூ என்ற மீட்பு மென்பொருள் நல்ல பகுதிகளை முதலில் அள்ளிக்கொண்டு, சிக்கும் இடங்களைப் பிற்பாடு முயலத் தாண்டித் தாண்டிப் போனது. அது ஓடட்டும் என்று விட்டுவிட்டு அடுக்கிலிருந்து அடுத்ததை இழுத்தார். அதன் சீட்டிலும் அதே இரண்டெழுத்து.