ஐயாவின் மடிக்கணனி

ஐயா காலமாகி இரண்டு வருடங்களாக அவருடைய மடிக்கணனி உடுப்பு அலுமாரியின் மேல்தட்டில் கிடந்தது. 2017 தை மாதம், பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, அதைக் கீழே இறக்கினேன்.

மொன்றியல் கோட் டே நெய்ஜில் நாங்கள் இருந்த கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு தம்பி குடியிருந்தார். ஊர் முல்லைத்தீவுப் பக்கம். வந்து எட்டு மாதம். பகலில் பிரெஞ்சு வகுப்பு, இரவில் உணவகத்தில் கோப்பை கழுவுகிற வேலை. வகுப்புக்கு ஒரு கணனி இருந்தால் நல்லது என்று படிக்கட்டில் கண்டபோது சொன்னார்.

"இஞ்சருங்கோ, மாமாவின்ரை சும்மாதானே கிடக்குது. குடுங்கோவன்" என்றாள் மனைவி.

2011இல் வாங்கியது. விண்டோஸ் 7. போட்டால் எழும்பப் பத்து நிமிடம் எடுத்தது. ஒட்டாவாவில் இருக்கும் மகனைத் தொலைபேசியில் பிடித்தேன்.

"அப்பா, புதுசா ஒண்டும் வாங்கிப் போடத் தேவையில்லை. கொம்பனிக்காரர் அதுக்குள்ளையே ஒரு மூலையை ஒதுக்கி, முதல்நாள் இருந்த மாதிரியே ஒரு பிரதியை வைச்சிருக்கினம்" என்றான்.

வேலி அடைத்துப் பிரித்த காணித்துண்டு மாதிரித்தான் அது. 500 கிகாபைட் தட்டில் பதினைந்து கிகாபைட் அளவில் ஒரு துண்டு. மீட்புப் பகிர்வு என்று பெயர். கணனி எழும்பும்போது ஒரு விசையை அமத்தினால் அந்தத் துண்டு விழித்துக்கொள்ளும். எச்பியில் எஃப்11, ஏசரில் ஆல்ட்டும் எஃப்10உம், ஆசுஸில் எஃப்9, தோஷிபாவில் பூச்சியம். அது மற்றப் பக்கத்தைத் துடைத்து, தன்னிடமிருக்கும் பிரதியை அங்கே விரிக்கும். ஆனால் இரண்டும் ஒரே தட்டில்தான். தட்டுப் பழுதானால் பிரதியும் சேர்ந்து போய்விடும். அதனால்தான் வாங்கியவுடன் டிவிடியில் ஒரு பிரதி எடுத்து வைக்கும்படி கொம்பனிகள் அப்போது சொல்லிக்கொண்டிருந்தன. நாங்கள் யார் அதைக் கேட்டோம்?

"முதல்லை தாத்தாவின்ரை சாமான்களை எடுத்துப்போடுங்கோ. பிறகு கேட்டாலும் வராது."

ஐயாவின் சாமான் என்று பெரிதாக ஒன்றுமில்லை. பேரப்பிள்ளைகளின் படங்கள், தேவாரங்கள், 'ஒழுங்கை' என்று பெயரிட்ட ஒரு கோப்பு. அவர் கணக்கு வாத்தியார். கடைசி மூன்று வருடமும் மத்தியானச் சாப்பாடு முடிந்தால் அந்த மேசையில்தான் இருப்பார். என்ன எழுதுகிறீர்கள் என்று நான் கேட்டதில்லை. எல்லாவற்றையும் ஒரு யுஎஸ்பி குச்சியில் ஏற்றினேன். மின்வயரைச் செருகி, விசையை அமத்தினேன்.

கறுப்புத் திரையில் ஒரு கேள்வி வந்தது. இந்தத் தட்டில் உள்ள அனைத்தும் அழிக்கப்படும், உங்களுக்குத் தேவையானவற்றைச் சேமித்துவிட்டீர்களா? ஆம். உறுதியாகவா?

விரல் ஓடவில்லை. 1990 ஆனியில் ஐயாவும் அம்மாவும் மயிலிட்டியை விட்டு வெளிக்கிட்டபோது ஒருவரும் இப்படி இரண்டுதரம் கேட்கவில்லை. ஷெல்லடிக்குள் அடையாள அட்டைகளையும் காணி உறுதியையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு நடந்தார்கள். இரண்டொரு நாளில் திரும்பலாம் என்றுதான் நினைப்பு. பாதி திருத்திய பரீட்சைத் தாள்கள் மேசையில் கிடந்ததாக ஐயா இங்கே வந்த பிறகும் சொல்லுவார். அந்தப் பிள்ளைகளுக்குப் புள்ளி போடாமல் வந்துவிட்டேனே என்பார். நான் அப்போது மூன்று வருட மொன்றியல்காரன். கடிதம் வந்துதான் எனக்குத் தெரியும்.

ஆம் என்று அமத்தினேன்.

ஒன்றரை மணித்தியாலம் ஓடியது. கடையில் வாங்கிய அன்றைய நீலத் திரை வந்தது. ஐயாவின் பெயர் இல்லை. ஓரத்தில் அறுபது நாள் இலவச வைரஸ் காவலன் சிரித்துக்கொண்டிருந்தான். கொம்பனி தந்த எல்லாம் திரும்பி வந்திருந்தது. நாங்கள் வைத்தது எதுவும் அந்த மூலையில் இல்லை.

எல்லாம் சரியா என்று பார்க்கக் குச்சியைச் செருகி 'ஒழுங்கை'யைத் திறந்தேன். நெஞ்சு திக்கென்றது. பக்கம் பக்கமாக ஆங்கில எழுத்துக்கள், அரைப்புள்ளிகள். ஒரு சொல்கூட விளங்கவில்லை.

மகன் சிரித்தான். "அப்பா, அது பாமினி. ஒண்டும் அழியேல்லை. எழுத்துருதான் இல்லை."

எங்கள் சஞ்சிகைகளையும் கலியாண அட்டைகளையும் மரண அறிவித்தல்களையும் அச்சிட்ட அதே பாமினிதான். அதில் அடித்த 'அம்மா', எழுத்துரு இல்லாத இடத்தில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றுதான் தெரியும். கணனி பிறந்த அன்று அதற்குப் பாமினியைத் தெரியாது. ஐயாதான் பிறகு போட்டிருக்கிறார். மகன் மின்னஞ்சலில் எழுத்துருவை அனுப்பினான். நிறுவினேன். ஐயா திரும்ப வந்தார்.

அன்றிரவு முழுக்க வாசித்தேன். கதை இல்லை, கண்ணீர் இல்லை. ஒரு வாத்தியாரின் கணக்கு. தெருவில் உள்ள மதகிலிருந்து எங்கள் ஒழுங்கைக்கு எத்தனை கவடு, ஒழுங்கையில் எத்தனை வீடு, எந்த வளவில் எத்தனை பனை, கிணறு எந்த மூலையில், யாருக்கு அதில் பங்கு.

அடுத்த நாள் தம்பியிடம் கணனியைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, "அண்ணை, இங்கை கார்த் தகட்டிலை எழுதியிருக்கிறதுக்கு 'நான் நினைவில் வைத்திருக்கிறேன்' எண்டுதானே அர்த்தம்?" என்று கேட்டார். 1978இலிருந்து கியூபெக் தகடுகளில் இருக்கும் வாசகம். நானும் வந்த புதிதில் இதைத்தான் எழுத்துக்கூட்டி வாசித்தேன்.

அந்த வருடம் ஆடி 3ஆம் திகதி மயிலிட்டித் துறைமுகப் பகுதியை விட்டார்கள். இருபத்தேழு வருடங்கள். மச்சாள் போய் நின்றுகொண்டு வைபரில் எடுத்தாள். "அத்தான், ஒண்டும் பிடிபடேல்லை. வேலியுமில்லை, வீடுமில்லை. எல்லாம் ஒரே பத்தை." காணி திரும்ப வந்திருந்தது, கொம்பனிக் கணனி மாதிரி. எங்களுடையது எதுவும் அதில் இல்லை.

நான் இங்கிருந்து 'ஒழுங்கை'யை வாசித்தேன். அவள் மதகைக் கண்டுபிடித்து, அங்கிருந்து கவடு எண்ணி நடந்தாள். எழுபத்திரண்டாவது கவடில் ஒழுங்கை இருந்த இடம். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு சொன்னாள்: "கிணத்துக்கட்டு இருக்குது அத்தான். உள்ளுக்குக் கல்லுப் போட்டு மூடியிருக்கு. ஆனால் கட்டு இருக்குது."

இப்போது அந்தக் கோப்பை யுனிகோட்டுக்கு மாற்றி மூன்று இடத்தில் வைத்திருக்கிறேன். பழைய கணனியைப் புதிதாக்க நினைப்பவர்களுக்கு ஒன்று. விண்டோஸ் 7ஐ மைக்ரோசொஃப்ட் 2020 தையில் கைவிட்டுவிட்டது. அதை மீட்டெடுத்து இணையத்தில் ஓட விடுவது புத்தியில்லை. இன்னொன்று, தட்டில் இருந்த பழையது முழுதாக அழிவதில்லை. பல இடங்களில் முகவரி மட்டும்தான் போகிறது. அந்நியருக்குக் கொடுப்பதானால் முழுக்கத் துடைத்துவிட்டுக் கொடுங்கள்.

ஆனால் அதற்கு முதல் திறந்து பாருங்கள். உங்கள் அலுமாரிகளிலும் பாமினியில் அடித்த கோப்புகள் கிடக்கும். ஊரின் பழைய மலரோ சஞ்சிகையோ என்றால், 2005இலிருந்து ஈழத்து எழுத்துக்களை இணையத்தில் சேர்த்துவரும் 'நூலகம்' இருக்கிறது. அப்பாவோ அம்மாவோ மத்தியானங்களில் தனியே இருந்து அடித்தது என்றால், அதன் பிரதி எந்தக் கொம்பனியிடமும் இல்லை.