வெயில் காய்ச்சும் பாகு

தமிழ்நாட்டில் சட்னி என்ற சொல் பெரும்பாலும் அன்றன்று அரைத்து அன்றே தீர்க்கப்படும் தொடுகறியைக் குறிக்கிறது. வட, மேற்கு இந்தியாவிலோ, காயையும் பழத்தையும் சர்க்கரையோடும் மசாலாவோடும் சேர்த்துப் பாகாக்கி மாதக்கணக்கில் வைத்துண்ணும் பண்டத்துக்கும் அப்பெயர் வழங்குகிறது. நக்குதல் என்று பொருள்படும் ‘சாட்னா’ என்னும் இந்தி வினையிலிருந்து பிறந்த சொல் அது. அவ்வகையில் ஊறுகாய்க்கும் சட்னிக்கும் இடைப்பட்டதாக நிற்பது, குஜராத்தி வீடுகளில் கோடைதோறும் மாங்காயில் செய்யப்படும் ‘சூந்தோ’. நசுக்குதல் என்ற பொருளுடைய குஜராத்தி வினையோடு தொடர்புடையது இப்பெயர். ஆயினும் இன்று மாங்காய் நசுக்கப்படுவதில்லை, துருவப்படுகிறது. இனிப்பு, புளிப்பு, காரம் என்னும் மூன்று சுவைகளின் சேர்க்கையே இதன் சிறப்பென்று பொதுவாகக் கருதப்பட்டாலும், செய்து பழகியவர்கள் கண்ணும் கருத்துமாகக் காப்பது வேறொன்றை: மாங்காயிலிருந்து வெளிவரும் நீரின் அளவை.

இதற்கு குஜராத்தில் பெரிதும் விரும்பப்படுவது, சித்திரை, வைகாசியில் காயாகக் கிடைக்கும் ராஜாபுரி மாங்காய். உருவில் பெரியதாகவும், சதைப்பற்று மிகுந்து நார் குறைந்ததாகவும், நன்கு புளிப்பதாகவும் இருப்பதே இதைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணமாதலால், அது கிடைக்காத ஊர்களில் இதே இயல்புடைய வேறு மாங்காயையும் எடுத்துக்கொள்ளலாம். உள்ளே மஞ்சள் ஓடிய செங்காய் மட்டும் ஆகாது. செங்காயின் துருவல் குழைந்துவிடுவதோடு, அதன் குறைந்த புளிப்பு சர்க்கரையைத் தாங்குவதுமில்லை. புளிப்பு இங்கே நாவுக்காக மட்டும் சேர்வதன்று. காயிலுள்ள பெக்டின் என்னும் இயற்கைப் பசை சர்க்கரையோடு கூடிப் பாகுக்குத் திண்மை தருவதற்கும், சர்க்கரையின் ஒரு பகுதி குளுக்கோசாகவும் பிரக்டோசாகவும் பிரிந்து, பின்னாளில் பாகு கற்கண்டுபோல் உறையாமல் இருப்பதற்கும் அதுவே துணைநிற்கிறது.

மாங்காயைக் காம்புப் பால் போகக் கழுவி, ஈரமின்றித் துடைத்துத் தோல் சீவி நீளவாக்கில் துருவியபின், உப்பும் மஞ்சள்தூளும் பிசிறி அரைமணி நேரம் வைத்தால் நீர் விடத் தொடங்கும். உப்பும் பின்னர் சேரும் சர்க்கரையும் காயின் உயிரணுக்களிலிருந்து நீரை வெளியே இழுக்கும் இந்நிகழ்வுக்குச் சவ்வூடு பரவல் என்று பெயர். ஒரு கிலோ துருவலுக்கு ஒன்றேகால் முதல் ஒன்றரை கிலோ வரை சர்க்கரை சேர்ப்பது வழக்கம். இந்த அளவைக் கேட்டு அஞ்சிச் சர்க்கரையைப் பாதியாகக் குறைப்பவர்கள், அது சுவைக்காக மட்டுமன்றிக் காப்புக்காகவும் சேர்க்கப்படுவது என்பதை எண்ண வேண்டும். மாங்காயின் எடையில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் நீர். ஒன்றேகால் கிலோ சர்க்கரை சேர்ந்தால் கலவையில் ஐந்தில் மூன்று பங்குக்குச் சற்று மேலாகக் கரைபொருள் நிறைந்துவிடுவதால், எஞ்சிய நீரில் ஒரு பகுதியை வெயில் கவர்ந்தாலே நுண்ணுயிர்கள் பிழைக்க இடமில்லாமல் போகும். அரைக்கிலோ மட்டும் சேர்த்தாலோ கலவையில் பாதிக்கு மேல் நீராகவே நிற்கும்; அது வெயிலில் பாகாவதற்கு முன்பே புளித்து நுரைக்கக்கூடும்.

சர்க்கரை முற்றும் கரைந்தபின் கலவையைப் பீங்கான் அல்லது எவர்சில்வர் பாத்திரத்தில் இட்டு, வாயை மெல்லிய துணியால் வேடு கட்டி வெயிலில் வைக்கிறார்கள். அலுமினியமும் ஈயம் பூசாத பித்தளையும் புளிப்போடு வினைபுரியும் என்பதால் விலக்கப்படுகின்றன. துணி தூசியையும் ஈயையும் தடுத்து ஆவியை மட்டும் வெளியேவிடுகிறது. மூடியிட்டால் அந்த ஆவியே நீராகத் திரும்பிச் சொட்டும். நாள்தோறும் காய்ந்த கரண்டியால் கிளறி, அந்திக்குமுன் உள்ளே எடுத்துவைத்து, வெயிலின் கடுமைக்கேற்ப ஆறு முதல் பத்து நாள் காக்க வேண்டும். கொதிநிலைக்கு வெகு கீழேயே நீர் வற்றுவதால் துருவல் கரையாமல் கண்ணாடிபோல் ஒளி ஊடுருவத் தெளிகிறது. காயின் மணமும் பெருமளவு தங்குகிறது.

எப்போது நிறுத்துவது என்பதே கைப்பழக்கம் வேண்டும் இடம். இனிப்புகளுக்குப் பாகு பார்ப்பவர்கள் அறிந்த முறையில், ஒரு துளியை இரு விரல்களுக்கிடையே வைத்து மெல்லப் பிரித்தால் ஒற்றை இழை நீண்டு நிற்க வேண்டும். இதுவே ஒரு கம்பிப் பதம். இழை நில்லாமல் அறுந்தால் இன்னும் நீர் உண்டு. பதம் கடந்துவிட்டால் குளிர்ந்தபின் கட்டிப்படும். பதம் வந்து ஆறியபின்னரே மிளகாய்த்தூளும் வறுத்துப் பொடித்த சீரகமும், விரும்பினால் பட்டை, கிராம்பும் சேர்க்கப்படுகின்றன. முன்னரே சேர்த்தால் பல நாள் வெயிலில் மிளகாயின் நிறம் மங்கி, சீரகத்தின் மணமும் பறந்துவிடும்.

வெயில் வாய்க்காத வீடுகளில் இதையே சிறுதீயில் அரைமணி நேரத்துக்குள் காய்ச்சி முடிக்கலாம். அடுப்பில் செய்வது குறையன்று. எனினும், சூட்டில் இளகியிருக்கும் பாகு ஆறும்போது மேலும் இறுகும் என்பதால், கம்பிப் பதம் வருவதற்குச் சற்று முன்பே இறக்கிவிட வேண்டும். முதன்முறை செய்வோர் இயன்றவரை வெயிலையே நாடுவது நல்லது. அடுப்பில் சில நிமிடங்களில் கடந்துபோகும் மாற்றங்களை வெயில் நாள்கணக்கில் விரித்துக் காட்டுவதால், பதம் என்பது இன்னதென்று கைக்கும் கண்ணுக்கும் அது பொறுமையாகக் கற்பித்துவிடும். மழைக்காலத்துக்கு முன் இவ்வாறு பதம் பார்த்து ஈரம்படாத ஜாடியில் நிறைத்த சூந்தோ, தேப்லா என்னும் வெந்தயக்கீரை ரொட்டிக்குத் துணையாக, அடுத்த மாங்காய்ப் பருவம் வரை கெடாமல் இருக்கும்.