மூத்தவர் நிற்கும்போதே: ஓசூர்க் குறிப்புகள்

ஓசூரிலிருந்து பெங்களூரின் சின்னசாமி கிரிக்கெட் மைதானம் சுமார் நாற்பது கிலோமீட்டர். சென்னையின் சேப்பாக்கம் முந்நூறுக்கும் மேல். ஜூஜுவாடி தாண்டி அத்திப்பள்ளி போனால் கர்நாடகம். சிப்காட்டில் ஒரே லைனில் நிற்கும் இரண்டு பேரில் ஒருவர் சென்னைக் கட்சி, இன்னொருவர் பெங்களூர்க் கட்சி என்பது இங்கே சாதாரணம். சண்டை தமிழில் தொடங்கும், தெலுங்கில் சூடேறும், கன்னடத்தில் முடியும். 2025 ஐபிஎல் சீசனில் மட்டும் சண்டை சென்னையின் மஞ்சள் சட்டைக்காரர்களுக்குள்ளேயே நடந்தது. தோனி இன்னும் ஆட வேண்டுமா, சின்னப் பையன்களுக்கு இடம் விட வேண்டுமா?

நான் பையன்கள் பக்கம். தோனியை நேசித்துக்கொண்டேதான் இதைச் சொல்கிறேன்.

*

அந்த சீசனில் தோனியின் கணக்கு: 13 இன்னிங்ஸில் 196 ரன். முந்தைய ஆண்டு 161 ரன்தான், ஆனால் நூறு பந்துக்கு 220 என்ற வேகம். 2025-ல் அந்த வேகம் 135-க்கு இறங்கிவிட்டது. 2023-ல் முழங்காலில் அறுவை சிகிச்சை. பத்து ஓவர் ஓடி ஆட அந்த முழங்கால் இடம் தராது என்று பயிற்சியாளர் பிளெமிங்கே வெளிப்படையாகச் சொன்னார். மார்ச் 28-ஆம் தேதி சேப்பாக்கத்தில் பெங்களூருக்கு எதிராக தோனி ஒன்பதாவது ஆளாக இறங்கினார். 16 பந்தில் 30 அடித்தார், ஆனால் அதற்குள் ஆட்டம் கை நழுவியிருந்தது. 2008-க்குப் பிறகு சேப்பாக்கத்தில் சென்னையை பெங்களூர் ஜெயித்தது அன்றுதான்.

*

அவர் பக்க நியாயத்தையும் எழுதி வைக்க வேண்டும். அதே ஆட்டத்தில் பில் சால்ட்டை ஸ்டம்பிங் செய்த கைகளுக்கு வயது 43 என்று யாரும் சொல்ல முடியாது. ஏப்ரல் 14, லக்னோவில் 11 பந்தில் 26 அடித்து ஜெயிக்க வைத்தார், ஆட்ட நாயகன் விருதும் வாங்கினார். அதே நாளில் தொடக்க ஆட்டக்காரராக அறிமுகமான ஷேக் ரஷீத் 19 பந்தில் 27 எடுத்தார். பதினோரு நாள் கழித்து சேப்பாக்கத்தில் ஷமியின் முதல் பந்திலேயே அவுட். பையன் என்றாலே அடித்துவிடுவான் என்று நான் சொல்லவில்லை. அவன் தோற்கவும் அவனுக்கு இடம் வேண்டும் என்கிறேன்.

*

மே 3, சின்னசாமி. பெங்களூர் 213. ஆயுஷ் மாத்ரே என்ற 17 வயது மும்பைப் பையன், காயம்பட்ட கேப்டன் ருதுராஜுக்குப் பதிலாக வந்தவன், 48 பந்தில் 94. ஜடேஜா 45 பந்தில் 77, கடைசி வரை அவுட் இல்லை. கடைசி ஓவரில் 15 ரன் வேண்டும். யஷ் தயாள் பந்தில் தோனி எல்பிடபிள்யூ, 8 பந்தில் 12. சென்னை 2 ரன்னில் தோற்றது. இன்னும் இரண்டு மூன்று அடிகளை நான் சரியாக அடித்திருக்க வேண்டும், தவறு என்னுடையது என்று ஆட்டம் முடிந்ததும் தோனி ஒப்புக்கொண்டார். அவர் மேல் எனக்கு மரியாதை கூடியது அந்த இடத்தில்தான். வாதத்தில் நான் எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்பது முடிவானதும் அங்கேதான்.

*

மறுநாள் காலை ஷிப்ட் முடிந்து டீக்கடையில் கேட்டது.

"தல தோனி இல்லாட்டி டீவியையே போட மாட்டேன்டா."

"அண்ணா, அந்தப் பையன் தொண்ணூத்தி நாலு அடிச்சிருக்கான். அதப் பத்தி ஒரு வார்த்தை பேசுனீங்களா?"

பெரியவரிடம் பதில் இல்லை. கிளாஸை வைத்துவிட்டு, "நல்லாத்தான் ஆடுனான்" என்றார். அவ்வளவு தூரம் வந்தாரே, அதுவே பெரிது.

*

அமெரிக்கக் கால்பந்தில் குவாட்டர்பேக் என்ற இடம் அணிக்கு ஒன்றுதான். ஒருவர் ஆடினால் இன்னொருவர் பெஞ்சில். கிரீன் பே அணியில் பிரெட் ஃபார்வ் ஆடிய காலத்தில், 2005-ல் எடுக்கப்பட்ட ஆரோன் ராட்ஜர்ஸ் மூன்று சீசன் காத்திருந்தார். 2008-ல் அவர் கைக்கு அணி வந்தபோது முதல் ஆண்டே 6 வெற்றி, 10 தோல்வி. நிர்வாகம் பொறுத்தது. 2011 பிப்ரவரியில் அவரே சூப்பர் பவுல் வாங்கிக் கொடுத்தார்.

நம் ஊரில் அதற்கு நிகரான இடம் விக்கெட் கீப்பருடையது. அங்கேயும் பெஞ்ச் நீளம்.

*

அந்த பெஞ்சில் தமிழ்நாட்டுப் பையன் ஒருவன் உட்கார்ந்திருந்தான். கோயம்புத்தூர் நாராயண் ஜெகதீசன். 2018 முதல் சென்னை அணியில். ஆடக் கிடைத்த ஆட்டங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். 2022 நவம்பரில் அணி அவரை விடுவித்தது. அதே மாதம் விஜய் ஹசாரே கோப்பையில் தொடர்ந்து ஐந்து ஆட்டங்களில் ஐந்து சதம். ஐந்தாவது, அருணாசலப் பிரதேசத்துக்கு எதிராக 141 பந்தில் 277. உள்ளூர், சர்வதேசம் எல்லாம் சேர்த்து ஒருநாள் ஆட்டத்தில் அதுவரை யாரும் எடுக்காத ஸ்கோர். எங்கே தெரியுமா? நமக்குப் பக்கத்து சின்னசாமியில். அவர் ஆடிய அன்று ஓசூரில் எத்தனை பேர் பஸ் ஏறினோம்? இது என்னை இன்னும் உறுத்துகிறது.

*

தோனியின் சொந்தக் கதையே என் கட்சிக்குச் சாட்சி. 2004 டிசம்பரில், வங்கதேசத்தில் அவருக்கு முதல் ஒருநாள் ஆட்டம். ரன் அவுட், பூஜ்யம். அடுத்து 12, 7, 3. அதோடு அனுப்பியிருந்தால் யாரும் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். கேப்டன் கங்குலி ஐந்தாவது ஆட்டத்தில், விசாகப்பட்டினத்தில் பாகிஸ்தானுக்கு எதிராக, மூன்றாவது ஆளாக இறக்கினார். 148. மூன்று ஆண்டுக்குள், 2007-ல், மூத்தவர்கள் விலகி நின்ற முதல் இருபது ஓவர் உலகக்கோப்பைக்கு அவரே கேப்டன், கோப்பையும் அவர் கையில்.

2012-ல் ஆஸ்திரேலியாவில் டெண்டுல்கர், சேவாக், கம்பீர் மூவரையும் மாற்றி மாற்றி உட்காரவைத்தவரும் இதே தோனிதான். பெரிய மைதானத்தில் ஃபீல்டிங் வேகம் முக்கியம் என்று காரணம் சொன்னார். கசப்பான முடிவு, ஆனால் கேப்டனின் வேலை அது.

*

தொழிற்சாலையில் இதற்கு வழி பழகியிருக்கிறது. பெரிய மெஷினை அப்ரண்டிஸ் பையன் கையில் கொடுப்பது சீனியர் ரிட்டையரான மறுநாள் இல்லை. அவர் தோளுக்குப் பின்னால் நிற்கும்போதே கொடுப்பார்கள். பீஸ் ரிஜெக்ட் ஆனால் அங்கேயே திருத்துவார். தோனி டக்அவுட்டில் இருக்கும் ஒவ்வொரு ஆட்டத்திலும் அப்படி ஒரு பையன் கீப்பிங் கையுறை போடலாம்.

*

2025-ல் அவரை வைத்துக்கொள்ள அணிக்கு ஆன செலவு 4 கோடிதான். ஐந்து ஆண்டு சர்வதேச ஆட்டம் ஆடாதவர்களை அறிமுகமாகாதவர் கணக்கில் சேர்க்கும் விதி உதவியது. பணம் பெரிதில்லை. பதினொன்றில் ஓர் இடம்தான் விலை.

*

ரசிகர்களான நமக்கும் பங்கு உண்டு. தான் முன்னால் இறங்கினால், தோனி வரட்டும் என்று கூட்டம் தன் அவுட்டுக்காகக் காத்திருக்கும் என்று 2023-ல் ஜடேஜாவே சொன்னார். ஜடேஜாவுக்கே இந்த நிலை என்றால் 17 வயதுக்காரன் எப்படித் தாங்குவான்? சொந்த அணியின் விக்கெட் விழுந்ததும் கைதட்டுவது அன்பு என்று நான் ஏற்க மாட்டேன்.

*

சீசன் முடிவில் சென்னை 14-ல் 4 வெற்றி, பத்தாவது இடம். கடைசி இடம் வந்தது அதுவே முதல் முறை. ஆனால் மே 25, ஆமதாபாத்தில் கடைசி ஆட்டம்: மாத்ரே 17 பந்தில் 34, உர்வில் படேல் 19 பந்தில் 37, பிரெவிஸ் 23 பந்தில் 57. குஜராத்தை 83 ரன்னில் வீழ்த்தினார்கள். மூவருமே சீசன் நடுவில் மாற்றாக வந்தவர்கள். தோற்ற ஆண்டிலிருந்து மிஞ்சியது இந்தப் பையன்கள்தான்.

ஆகவே என் கோரிக்கை இரண்டு. அணி, மூத்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே இளையவரை ஆடவிட வேண்டும். நாம், அந்தப் பையன் பூஜ்யத்தில் திரும்பி வரும் நாளிலும் கைதட்ட வேண்டும். 2004-ல் பூஜ்யத்தில் திரும்பிய ராஞ்சிப் பையனுக்குக் கிடைத்த பொறுமையில் பாதி போதும்.