தடம் இல்லாத கடி

2023 ஐப்பசியில் ஒரு மனிதரின் நான்கு மணி நேரத்தை நான் வீணாக்கினேன். பிறகு அந்த நான்கு மணி நேரத்தை ஒரு மணி நேரம் என்று மாற்றிப் பொய் சொன்னேன். இரண்டையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

நான் உயிரியல் ஆசிரியர். கேளம்பாக்கத்தில் உப்பளம் பக்கம் வீடு. பள்ளியில் ஒரு கரும்பலகை எனக்கென்றே இருந்தது. காலையில் அதில் ஒரு துணுக்கு எழுதுவேன். ஆக்டோபசுக்கு மூன்று இதயம். பாம்பு பால் குடிக்காது. சாரையும் நல்ல பாம்பும் இணை சேராது. பின்னிக்கொண்டு எழும்புவது இரண்டு ஆண் சாரைகளின் மல்லுக்கட்டு. இவையெல்லாம் சரிதான். மழை தொடங்கும்போது வருடா வருடம் இன்னொன்றும் எழுதுவேன்: விஷப்பாம்பு கடித்தால் இரண்டு பல்தடம் இருக்கும், தடம் இல்லையென்றால் பயம் இல்லை. எப்போதோ படித்தது. ஒருமுறைகூட யாரிடமும் கேட்டுச் சரிபார்க்கவில்லை. பலகை முன்னால் பிள்ளைகள் கூடி நிற்பது எனக்குப் பிடித்திருந்தது. தெருவில் எதற்கும் "வாத்தியாரைக் கேளு" என்பார்கள். அதுவும் பிடித்திருந்தது.

பக்கத்து மனையில் வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே காவலுக்கு விழுப்புரம் பக்கத்திலிருந்து வந்த ஒருவர், மனைவியோடும் பள்ளிக்குப் போகும் மகளோடும் தங்கியிருந்தார். தரையில் பாய் போட்டுத்தான் படுக்கை. ஒரு நாள் இரவு ஒன்றரை மணிக்கு அவர் மனைவி என் கதவைத் தட்டினார். தூக்கத்தில் காலில் ஏதோ சுருக்கென்றதாம், இப்போது வயிறு வலிக்கிறதாம்.

டார்ச் அடித்துப் பார்த்தேன். தடம் இல்லை. வீக்கம் இல்லை. ரத்தம் இல்லை. எறும்போ பூரானோ கடித்திருக்கும், வயிற்றுவலி வாயுவாக இருக்கும் என்றேன்.

அதே கட்டடத்தில் சித்தாள் வேலை செய்த இருளர் அம்மா ஒருவர் சத்தம் கேட்டு எழுந்து வந்திருந்தார். காலைப் பார்க்கவில்லை. காவலாளியின் முகத்தைப் பார்த்தார். "கட்டுவிரியனா இருக்கும் சார். அது கடிச்சா தடம் தெரியாது. வயித்தைத்தான் பிடிக்கும். இப்பவே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிடணும்."

நான் சொன்ன பதில் இது: "நீ சும்மா இரும்மா. விரியன் கடிச்சா வீங்கும். இருபத்தெட்டு வருஷமா இதைத்தான் பாடம் நடத்துறேன்."

அந்த அம்மா ஒன்றும் பேசவில்லை. காவலாளியின் மனைவி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு என்னை நம்பினார். ஓமத் தண்ணீர் கொடுத்துப் படுக்க வைக்கச் சொன்னேன். நானும் போய்ப் படுத்துத் தூங்கினேன்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன். அந்த அம்மா சொன்னபோது எனக்குச் சந்தேகம் வந்தது. வரவில்லை என்று சொன்னால் அது பொய். அந்த அம்மாவின் குரலில் இருந்த உறுதி என்னைத் தொட்டது. ஆனால் எல்லார் முன்னாலும் சொன்ன சொல்லைத் திரும்ப எடுக்க எனக்கு மனம் வரவில்லை. ஒரு சித்தாள் சொல்லி வாத்தியார் கார் எடுத்தார் என்றாகிவிடும் என்று நினைத்தேன். இதைவிட மரியாதையான காரணம் எதுவும் என்னிடம் இல்லை.

பெயரில் விரியன் என்று இருந்தாலும் கட்டுவிரியன் விரியன் குடும்பமே இல்லை. நல்ல பாம்பின் குடும்பம். கண்ணாடி விரியன் கடித்தால் கடித்த இடம் வீங்கும், ரத்தம் உறையாமல் கசியும். கட்டுவிரியனின் பல் சிறியது. கடி பெரும்பாலும் வலிக்காது, தடமும் தெரியாமல் போகும். அதன் விஷம் நரம்பு முனைகளைத் தாக்கும். இமை தொங்கும், நாக்கு குழறும், கடைசியில் மூச்சுத் தசைகள் நிற்கும். ரத்தத்தில் சுற்றும் விஷத்தை மாற்று மருந்து பிடிக்கும்; சிதைந்துபோன நரம்பு முனையை அது மீட்டுத் தராது. அதனால்தான் ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு. இவ்வளவும் நான் பிறகு படித்தவை. அந்த அம்மாவுக்கு அன்றே தெரியும்.

ஐந்தரைக்கு மறுபடி கதவு தட்டப்பட்டது. காவலாளியால் இமையைத் திறக்க முடியவில்லை. எச்சில் வழிந்தது. காரில் போட்டுக்கொண்டு பறந்தேன். கடித்து எவ்வளவு நேரம் ஆயிற்று என்று மருத்துவர் கேட்டார். "ஒரு மணி நேரம் இருக்கும்" என்றேன். பின்னால் நின்ற அவர் மனைவி வாய் திறக்கவில்லை. என்னை மறுத்துப் பேச அவருக்கு எப்படி முடியும்? மருத்துவர் அறிகுறிகளைப் பார்த்தே மருந்து ஏற்றினார். என் பொய்யால் சிகிச்சை மாறவில்லை. ஆனால் மாறாது என்று தெரிந்துகொண்டு நான் பொய் சொல்லவில்லை.

ஒன்பது நாள் செயற்கை சுவாசம். பிழைத்தார். அதற்குள் காவல் வேலைக்கு வேறு ஆள் வந்துவிட்டார். ஊரில் வட்டிக்குக் கடன் வாங்கினார்கள். மகள் அரையாண்டுத் தேர்வு எழுதவில்லை. பிறகு பள்ளிக்கே போகவில்லை, ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். தெருவில் எனக்குப் பெயர் கிடைத்தது. விடியற்காலையில் கார் எடுத்து உயிரைக் காப்பாற்றிய வாத்தியார். சால்வை போர்த்தினார்கள். கழுத்தைத் தாழ்த்தி வாங்கிக்கொண்டேன். அந்த இருளர் அம்மா கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்தார். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. கட்டடம் முடிந்ததும் போய்விட்டார். எங்கே என்று இன்றுவரை தெரியவில்லை.

கேளம்பாக்கத்திலிருந்து கோவளம் போய், கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே திரும்பினால் வடநெம்மேலி. அங்கே முதலைப் பண்ணை வளாகத்தில், 1978-இல் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்று நான்கையும் பிடித்து, விஷம் எடுத்துவிட்டு, மறுபடி காட்டிலேயே விடுவார்கள். அந்த விஷத்தைக் குதிரைகளுக்குச் சிறுகச் சிறுக ஏற்றித்தான் மருந்து தயாராகிறது. வருடா வருடம் மாணவர்களை அங்கே அழைத்துப் போயிருக்கிறேன். இருளர்களிடம் ஒரு கேள்வி கேட்டதில்லை. பக்கத்தில் நின்று பிள்ளைகளுக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன். 2023 ஜனவரியில் மாசி சடையனுக்கும் வடிவேல் கோபாலுக்கும் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். பாம்பு பிடிக்கும் நம் மாவட்டத்து இருளர்கள். அந்தச் செய்தியை வெட்டி என் பலகையில் ஒட்டினேன். அதே வருடம்தான் "நீ சும்மா இரும்மா" என்றேன்.

2024 நவம்பரில் தமிழக அரசு பாம்புக்கடியை, கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் சேர்த்தது. கடிபட்டு வரும் ஒவ்வொருவரின் விவரமும் இனி அரசுக்குப் போக வேண்டும் என்று படித்தேன். ஆண்டுக்குச் சராசரி 58,000 இந்தியர்கள் பாம்புக்கடியால் இறக்கிறார்கள் என்ற மதிப்பீட்டையும் படித்தேன். எனக்கு ஞாபகம் வந்தது, நான் சொன்ன நேரம் எழுதப்பட்ட அந்த ஆஸ்பத்திரிச் சீட்டு.

என் பலகையைப் படித்த பிள்ளைகள் இன்று எங்கெங்கோ இருக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்கிறேன்: நான் எழுதியது தப்பு. தடத்தைத் தேடாதீர்கள். ராத்திரி தரையில் படுத்தவர் காரணம் தெரியாமல் வயிறு வலிக்கிறது என்றால், இமை சரிகிறது என்றால், விடியக் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

போன மாதம் விழுப்புரம் போய் அந்தக் காவலாளியைப் பார்த்தேன். அந்த அம்மா சொன்னதை நான் அடக்கியதையும், மருத்துவரிடம் நேரத்தை மாற்றிச் சொன்னதையும் சொன்னேன். நடுவில் எங்கும் நிறுத்தவில்லை. அவர் கொஞ்ச நேரம் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியும் சார்" என்றார். "அன்னைக்குக் கண்ணைத்தான் திறக்க முடியல. காது கேட்டுச்சு."