மஸ்தானி உறங்கும் ஊரில் ஒரு லேசர் வகுப்பு!

புனேவிலிருந்து அகமதுநகர் நெடுஞ்சாலையில் புறப்பட்டு, ஷிக்ராபூரில் இடது பக்கம் திரும்ப வேண்டும். தொழிற்சாலைகளின் இரைச்சல் அடங்கி, மழையை நம்பியே பிழைக்கும் வறண்ட மேட்டு நிலம் கண்ணில் படத் தொடங்கும். மொத்தம் சுமார் 70 கி.மீ. பயணம். வந்துவிட்டது பாபல்.

சரித்திரப் பிரியர்களுக்கு இந்த ஊர் தெரிந்திருக்கும். பேஷ்வா பாஜிராவின் மனைவி மஸ்தானியின் கல்லறை இங்கேதான் இருக்கிறது. 'பாஜிராவ் மஸ்தானி' படத்தில் தீபிகா படுகோன் நடித்தாரே, அதே மஸ்தானி!

ஆனால், பாபல் என்றதும் உலகின் பல நாட்டு ஆசிரியர்களுக்கும் இன்ஜினீயர்களுக்கும் நினைவுக்கு வருவது 'விஞ்ஞான் ஆசிரமம்'. பெயரைப் பார்த்து சாமியார் மடம் என்று நினைத்துவிட வேண்டாம். பள்ளியில் ஃபெயிலானவர்களும் படிப்பைப் பாதியில் விட்டவர்களும் வந்து தங்கி, வெல்டிங் முதல் லேசர் கட்டிங் வரை கற்றுக்கொள்ளும் இடம் இது.

கிராமத்துக்கு வந்த விஞ்ஞானி

1983-ல் இதைத் தொடங்கியவர் டாக்டர் எஸ்.எஸ்.கல்பாக். இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் ஆராய்ச்சிப் பிரிவில் பணியாற்றிய விஞ்ஞானி. நகரத்து வசதிகளை விட்டுவிட்டு மனைவியோடு பாபலுக்குக் குடிவந்தார். மாடு பார்க்கவும், பம்ப்செட்டைக் கழற்றி மாட்டவும் தெரிந்த கிராமத்துப் பிள்ளை, வகுப்பறையில் மட்டும் ஏன் 'மக்கு' ஆகிறான்? கையால் செய்யும்போதுதான் மூளையும் வேலை செய்யும் என்பது கல்பாக்கின் நம்பிக்கை.

இங்கே ஓராண்டுப் படிப்பு. இன்ஜினீயரிங், மின்சாரமும் எரிசக்தியும், விவசாயமும் கால்நடையும், வீடும் ஆரோக்கியமும் என நான்கு பிரிவுகள். எல்லோரும் நான்கையும் படித்தாக வேண்டும். இதையே சுருக்கி, 8 முதல் 10-ம் வகுப்பு வரை வாரத்துக்கு ஒரு நாள் என்று வழக்கமான பள்ளிகளுக்கும் கொண்டுபோனார்கள். மகாராஷ்டிரா கல்வி வாரியமும் இதைப் பாடமாக ஏற்றுக்கொண்டது. சொல்லித் தருகிறவர்களில் உள்ளூரில் அந்தத் தொழில் தெரிந்தவர்களும் உண்டு. மாணவர்கள் செய்யும் பொருள், ஊரில் யாருக்காவது பயன்பட வேண்டும் என்பது முக்கியமான விதி.

இரும்புச் சட்டங்களை முக்கோணங்களாக இணைத்துக் கட்டும் குவிமாட வீடுகள் இவர்களின் அடையாளம். 1993 லாத்தூர் பூகம்பத்துக்குப் பிறகு அந்தப் பகுதியிலும் இவை கட்டப்பட்டன. ஜியோமெட்ரி பாடத்தின் முக்கோணம், தலைக்கு மேல் கூரையாக நின்றது!

லேசர் வந்த கதை

அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் 1998-ல் பேராசிரியர் நீல் கெர்ஷன்ஃபெல்ட் ஒரு வகுப்பு தொடங்கினார். 'ஏறக்குறைய எதையும் செய்வது எப்படி?' என்பதுதான் அதன் தலைப்பு. கம்ப்யூட்டரில் வரைந்ததை அப்படியே வெட்டித் தரும் லேசர் கட்டர் போன்ற இயந்திரங்கள் அதில் இருந்தன. இந்த வகுப்பிலிருந்து பிறந்ததுதான் 'ஃபேப் லேப்' எனும் பொதுப் பட்டறை. 2002-ல் அது பாபலுக்கு வந்தது. எம்.ஐ.டி-க்கு வெளியே உருவான ஆரம்பகால ஃபேப் லேப்களில் இதுவும் ஒன்று.

இப்படிப்பட்ட மெஷினை வைத்து என்ன பாடம் நடத்த முடியும்? ஓர் எளிய உதாரணம். 3 மி.மீ. பிளைவுட்டில் இரண்டு துண்டுகளை ஒன்றோடொன்று செருக, 3 மி.மீ. பள்ளம் வரைகிறான் ஒரு மாணவன். வெட்டி மாட்டினால் 'லொட லொட'வென்று ஆடுகிறது. ஏன்? லேசர் போகும் பாதையில் கொஞ்சம் மரம் எரிந்து ஆவியாகிவிடுகிறது. எவ்வளவு என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

100 மி.மீ. நீளப் பட்டையை வரைந்து, பத்து சம துண்டுகளாக வெட்டச் சொல்வார் ஆசிரியர். துண்டுகளை நெருக்கி அடுக்கி அளந்தால் 98 மி.மீ. காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். காணாமல்போனது 2 மி.மீ. பத்தால் வகுத்தால் ஒரு வெட்டுக்கு 0.2 மி.மீ. இனி பள்ளத்தை 2.8 என்று வரைந்தால் கச்சிதமாக உட்காரும். தசமப்புள்ளி எதற்கு என்று அவனுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை!

இன்னும் பாடங்கள் உண்டு. பி.வி.சி. ஷீட்டை லேசரில் வெட்டவே கூடாது. வெட்டினால் நச்சு வாயு வரும், மெஷினும் துருப்பிடிக்கும். வெட்டும்போது பக்கத்தில் ஆள் இல்லாமல் விட்டால் தீப்பிடிக்கலாம். கெமிஸ்ட்ரியும் பொறுப்பும் ஒரே வகுப்பில்!

கீசெயின் வியாதி

ஆனால், இதில் ஓர் ஆபத்து உண்டு. பள்ளிகளில் ஃபேப் லேப் அமைத்த கல்வி ஆய்வாளர் பாலோ பிளிக்ஸ்டைன் அதற்கு 'கீசெயின் வியாதி' என்று பெயர் வைத்தார். லேசர் கட்டரில் பெயர் பொறித்த கீசெயின் சில நிமிடங்களில் அழகாக வந்துவிடும். பிள்ளைகளும் பெற்றோரும் கைதட்டுவார்கள். பிறகு கீசெயினுக்கு மேல் கீசெயின்தான். பாராட்டு சுலபமாகக் கிடைப்பதால், கடினமான எதையும் யாரும் தொட மாட்டார்கள்.

பாபலின் அனுபவம் இங்கேதான் கைகொடுக்கிறது. அங்கே லேசர் வருவதற்கு 19 வருடங்களுக்கு முன்பே, 'இது யாருக்குப் பயன்படும்?' என்ற கேள்வி வந்துவிட்டது. அதனால்தான் ஃபேப் லேப் வந்ததும், பாலின் தரத்தை அளக்கவும் டீசல் இன்ஜினைச் சரிபார்க்கவும் உதவும் கருவிகளைச் செய்துபார்க்க ஆசைப்பட்டார்கள். கல்பாக் 2003-ல் மறைந்துவிட்டார். அவர் விட்டுப்போன பாடத்திட்டம் தொடர்கிறது.

மத்திய அரசின் அடல் டிங்கரிங் லேப் திட்டத்தில் தமிழகம் உட்பட நாடெங்கும் 10,000 பள்ளிகளுக்கு இப்படிப்பட்ட கூடங்கள் கிடைத்துள்ளன. ஒரு பள்ளிக்கு 20 லட்ச ரூபாய் வரை நிதி. அரசுப் பள்ளிகளில் இன்னும் 50,000 கூடங்கள் அமைக்கப்படும் என்று 2025 பட்ஜெட்டில் அறிவிப்பும் வந்தது. மெஷின்கள் வந்துவிடும். பூட்டிவைத்துக் கண்காட்சிக்கு மட்டும் திறப்பதா, ஊர்ப் பிரச்னைக்குத் தீர்வு தேடப் பயன்படுத்துவதா என்பது பள்ளிகளின் கையில்தான் இருக்கிறது.

புனே பக்கம் போகிறவர்கள், முன்கூட்டியே அனுமதி கேட்டுக்கொண்டு பாபலுக்கு ஒரு நடை போய் வரலாம். போக முடியாதவர்கள் வீட்டிலிருந்தே ஒன்று செய்யலாம். பள்ளியில் செய்தது என்று உங்கள் பிள்ளை எதையாவது கொண்டுவந்தால், 'சூப்பர்டா கண்ணா!' என்று சொல்லிவிட்டு, 'இது யாருக்கு உதவும்?' என்றும் கேளுங்கள். அடுத்த வாரம் வேறொரு பொருளோடு வருவான்!