ரியோ இலையின் ஊதாத் தோலும் சவ்வூடு பரவலும்

செல்லுக்குள் நீரும் கரைபொருளும் போய் வருவதை விரவல், சவ்வூடு பரவல் என்று இரண்டு தலைப்பில் பாடநூல்கள் விளக்குகின்றன. இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே. மூலக்கூறுகள் ஓயாமல், திசையில்லாமல் அலைகின்றன. நெரிசலான பக்கத்திலிருந்து அதிகமானவை கிளம்பும், நெரிசல் குறைந்த பக்கத்திலிருந்து குறைவானவை கிளம்பும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் கண்ணுக்கு ஒரே திசையில் நடக்கும் ஓட்டமாகத் தெரிகிறது. தனி மூலக்கூறுக்குப் போய்ச் சேர வேண்டிய இடம் என்று ஒன்று கிடையாது. இதை எழுதிப் போடுவது எளிது, மேசை மேல் செய்து காட்டுவதுதான் கடினம்.

விரவலைக் காட்ட வகுப்பறைகளில் வழக்கமாகச் செய்வது, பீக்கர் நீரில் ஒரு சொட்டு மை விடுவது. பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அங்கே நடப்பதில் பெரும்பகுதி விரவலே அல்ல. சொட்டு விழுந்த வேகம், மையின் எடை, நீரில் ஏற்கெனவே இருக்கும் சிறு வெப்ப ஓட்டங்கள் எல்லாம் சேர்ந்து மையைக் கலக்கிவிடுகின்றன. நீரோட்டத்தை நிறுத்த ஒரு வழி உண்டு. சோதனைக் குழாயில் அகர் ஊற்றி உறையவிட்டு, மேலே மெத்திலீன் நீலக் கரைசலை விட வேண்டும். நீலம் மெல்ல இறங்கும், இறங்க இறங்க இன்னும் மெல்ல இறங்கும். முதல் ஒரு மணி நேரத்தில் எட்டிய ஆழத்தின் இரு மடங்கை எட்ட, தொடக்கத்திலிருந்து நான்கு மணி நேரம் ஆகும். மும்மடங்குக்கு ஒன்பது மணி நேரம். ஒரே பாட வேளையில் முடியாத சோதனை என்பதால் பலர் இதைத் தவிர்க்கிறார்கள். ஆனால் விரவலின் முக்கியமான குணத்தைக் காட்டுவது இதுதான்: தூரம் கூடினால் நேரம் அதன் வர்க்கமாகக் கூடும்.

செல் ஏன் சிறியதாக இருக்கிறது என்பதற்கு இந்தக் கணக்கில் பாதி விடை இருக்கிறது. ஆக்சிஜன் போன்ற சிறிய மூலக்கூறு நீரில் 10 மைக்ரோமீட்டர் கடக்க ஒரு நொடியின் இருபதில் ஒரு பங்கு போதும். ஒரு மில்லிமீட்டருக்குச் சுமார் எட்டு நிமிடம் ஆகும். 10 சென்டிமீட்டர் என்றால் ஏறக்குறைய இரண்டு மாதம். அதனால்தான் பெரிய உடல்களுக்கு ரத்த ஓட்டம் வேண்டியிருக்கிறது. நுண்குழாயிலிருந்து செல்லுக்கு உள்ள கடைசிச் சில மைக்ரோமீட்டர்களை மட்டும் விரவல் பார்த்துக்கொள்கிறது.

நீர் சவ்வைக் கடந்து செல்லும் சவ்வூடு பரவலுக்கு இதைவிட நல்ல காட்சி கைவசம் இருக்கிறது. தோட்ட வரப்புகளில் வைக்கும் ரியோ செடியின் இலை மேலே பச்சை, கீழே ஊதா. அந்த ஊதா நிறம் கீழ்ப் புறத்தோல் செல்களுக்குள் உள்ள நீர்ப் பையான வாக்குவோலில் கரைந்திருக்கும் ஆந்தோசயனின். இலையை மடித்துச் சாய்வாகக் கிழித்தால் கிழிந்த ஓரத்தில் கண்ணாடித் தாள் போல ஊதாத் தோல் நீட்டிக்கொண்டு நிற்கும். அதை இடுக்கியால் பிடித்து உரித்து, உலரவிடாமல் உடனே ஸ்லைடில் ஒரு சொட்டு நீரில் விரித்துக் கவர்சிலிப்பால் மூட வேண்டும். பச்சை ஒட்டிக்கொண்டு வந்த பகுதி பயன்படாது. ஒற்றை அடுக்குச் செல்கள் உள்ள ஓரமே வேண்டும்.

நுண்நோக்கியில் தேன்கூடு போல அறுகோணச் செல்கள், மூலை முடுக்கெல்லாம் ஊதா நிரம்பித் தெரியும். கவர்சிலிப்பின் ஒரு பக்கம் உப்புக் கரைசல் ஒரு சொட்டு விட்டு, எதிர்ப் பக்கம் வடிதாள் துண்டால் நீரை இழுத்தால் கரைசல் தோலின் மேல் பரவும். கண்ணை எடுக்காமல் பார்க்க வேண்டிய நேரம் இதுதான். முதலில் செல்லின் மூலைகளில் நிறம் விலகி வெளுக்கும். பிறகு ஓரங்கள் உள்வாங்கும். கடைசியில் ஊதா உருண்டை ஒன்று வெளுத்த பெட்டிக்குள் ஒதுங்கி நிற்கும், முன்பிருந்ததைவிட நிறம் அடர்ந்து. நிறமி வெளியேறவில்லை, நீர் மட்டும் வெளியேறியது என்பதற்கு அந்த அடர்ந்த நிறமே சான்று. இதைத்தான் பிளாஸ்மாலிசிஸ் என்கிறார்கள். ஆய்வுக்கூடங்களில் சீக்கிரம் முடிய வேண்டும் என்று 5 விழுக்காடு உப்புக் கரைசலை எடுப்பதுண்டு. அதில் செல்கள் படபடவென்று சுருங்கி, தொடக்கம் கண்ணில் படாமலே போய்விடும். 2 விழுக்காடு மெதுவானது, ஆனால் மூலைகள் பிரிவதைப் பார்க்க அதுவே ஏற்றது.

சுருங்கிய உருண்டைக்கும் செல் சுவருக்கும் நடுவே உள்ள இடத்தில் என்ன இருக்கிறது? காற்று, வெற்றிடம், செல்லிலிருந்து வந்த நீர் என்று விதவிதமான விடைகள் வரும். உப்புக் கரைசல் என்பதே சரி. செல்லுலோஸ் சுவர் உப்பையும் நீரையும் தாராளமாக விடும், தடுப்பது அதற்கு உள்ளே இருக்கும் சவ்வு. மறுபடி நீர் விட்டால் உருண்டை விரிந்து சுவரைத் தொடும். ஆனால் அடர் கரைசலில் நெடுநேரம் கிடந்த செல்லுக்குத் திடீரென்று வெறும் நீரைக் கொடுத்தால் சவ்வு தாங்காமல் கிழிந்து, நிறம் கசிந்து போகும்.

இந்த எளிய காட்சியிலிருந்து வேதியியலே ஒரு படி முன்னேறியது. டச்சுத் தாவரவியலாளர் ஹ்யூகோ டி விரிஸ், எந்தச் செறிவில் சவ்வு சுவரை விட்டு விலகத் தொடங்குகிறது என்று பல கரைசல்களை வைத்துப் பார்த்து 1884-இல் வெளியிட்டார். அவர் பயன்படுத்திய செடிகளில் ரியோவும் ஒன்று. அப்போது அதற்கு டிரடெஸ்காண்டியா டிஸ்கலர் என்று பெயர். மூலக்கூறு எண்ணிக்கை சமமாக இருந்தாலும் சர்க்கரையின் இழுப்பு 2 என்றால் பொட்டாசியம் நைட்ரேட்டின் இழுப்பு 3 என்று அவருக்குக் கிடைத்தது. உப்பு நீரில் அயனிகளாகப் பிரிகிறது என்று வேதியியலாளர் அர்ரீனியஸ் 1887-இல் சொன்னபோது இந்த வேறுபாட்டுக்குக் காரணம் விளங்கியது. ஆம்ஸ்டர்டாமில் டி விரிஸின் சக பேராசிரியரான வான்ட் ஹாஃப், தாவரவியலாளர் பெஃபர் 1877-இல் வெளியிட்ட அழுத்த அளவீடுகளை எடுத்துக்கொண்டு, நீர்த்த கரைசலின் சவ்வூடு பரவல் அழுத்தம் வாயு விதியைப் போலவே நடக்கிறது என்று காட்டினார். 1901-இல் வேதியியலுக்கான முதல் நோபல் பரிசு அவருக்குப் போனது.

அந்த விதிப்படி லிட்டருக்கு ஒரு மோல் சர்க்கரை உள்ள கரைசல், சாதாரண வெப்பநிலையில் சுமார் 24 வளிமண்டல அழுத்தத்துக்கு ஈடாக நீரை இழுக்கும். இலைச் செல்லுக்குள் விறைப்பழுத்தம் பொதுவாக 3 முதல் 10 வளிமண்டலம் வரை இருக்கும். கார் டயரில் இருப்பது 2 அளவுதான். இளந்தண்டு நிமிர்ந்து நிற்பது இந்த அழுத்தத்தால். வாடிய கீரையை நீரில் போட்டால் மறுபடி விறைப்பதும் இதனால்தான்.

உருளைக்கிழங்கில் குழி தோண்டிச் சர்க்கரைக் கரைசல் ஊற்றி நீரில் வைக்கும் சோதனைக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அடிப்பக்கத் தோலைச் சீவ மறந்தால் மட்டம் ஏறாது, ஏனென்றால் அந்தத் தோல் நீரை விடாது. வேகவைத்த கிழங்கிலும் ஏறாது, சவ்வுகள் செத்துவிட்டன. பச்சைக் கிழங்கையும் வேகவைத்ததையும் பக்கத்தில் வைத்தால்தான் சோதனைக்குப் பொருள் உண்டு.

விலங்குச் செல்லுக்குச் சுவர் இல்லை. சிவப்பணு 0.9 விழுக்காடு உப்பு நீரில் உருமாறாமல் இருக்கும், 0.5-ஐ ஒட்டிச் சில வெடிக்கத் தொடங்கும், வெறும் நீரில் எல்லாமே வெடித்துவிடும். கொழுப்பாலான சவ்வை நீர் இவ்வளவு வேகமாகக் கடப்பது எப்படி என்பது வெகுகாலம் புதிராக இருந்தது. பீட்டர் ஆக்ரேயின் குழு, சிவப்பணுச் சவ்வில் கண்ட ஒரு புரதத்தைத் தவளையின் முட்டைச் செல்லில் உருவாக வைத்து, அதை நீர்த்த கரைசலில் போட்டது. மற்ற முட்டைகள் அப்படியே இருக்க, புரதம் பெற்றவை வீங்கி வெடித்தன. 1992-இல் வெளியான இந்த ஆய்வு அக்வாபோரின் என்னும் நீர்க்கால்வாயை நிலைநாட்டியது. 2003-இல் ஆக்ரேக்கு நோபல் கிடைத்தது. ஒரு கால்வாய் வழியாக நொடிக்குச் சுமார் 300 கோடி நீர் மூலக்கூறுகள் போகின்றன.

உடலுக்குள் சூழல் சமச்செறிவாக இருந்தாலும் ஆபத்து தீரவில்லை. வெளியேற முடியாத புரதங்கள் செல்லுக்குள் நிறைய இருக்கின்றன. சும்மா விட்டால் உப்பும் நீரும் அவற்றைத் தேடி வந்துகொண்டே இருக்கும். சோடியம்-பொட்டாசியம் பம்ப் மூன்று சோடியத்தை வெளியே தள்ளி இரண்டு பொட்டாசியத்தை உள்ளே எடுப்பதால்தான் கணக்கு நேராகிறது. இதற்குச் செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபி செலவாகிறது. மாற்று அறுவைக்காக எடுத்த சிறுநீரகத்தைப் பனிக்கட்டியில் வைக்கும்போது குளிரில் இந்தப் பம்ப் தூங்கிவிடுகிறது, செல்கள் வீங்கத் தொடங்குகின்றன. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் 1980-களில் உருவான பாதுகாப்புக் கரைசலில் லாக்டோபயோனேட், ராஃபினோஸ் என்ற பெரிய மூலக்கூறுகளைச் சேர்த்தது இதற்காகவே. அவை சவ்வைக் கடக்காமல் வெளியே நின்று, உள்ளிருக்கும் புரதங்களின் இழுப்புக்கு ஈடு கட்டுகின்றன.