குமாஸ்தா கப்பல்

போர்க்கப்பலுக்குப் பீரங்கி உண்டு, பதக்கம் உண்டு, சினிமாவும் உண்டு. சரக்குக் கப்பலுக்கு என்ன இருக்கிறது? ஆபீஸில் எங்களைப் போன்ற குமாஸ்தாக்கள் எப்படியோ, கடலில் அது அப்படி. இங்கே வாங்கி அங்கே சேர்ப்பிக்கிற வேலை. அதனால்தானோ என்னவோ, ‘ஜெரமையா ஓ'பிரையன்’ என்ற பழைய அமெரிக்கச் சரக்குக் கப்பல்மேல் எனக்கு ஒரு பாசம்.

இரண்டாம் உலகப் போரில், நீர்மூழ்கிகள் மூழ்கடிக்கிற வேகத்தை மிஞ்சிக் கட்டவேண்டும் என்று அமெரிக்கர்கள் 2,710 ‘லிபர்ட்டி’ கப்பல்களைக் கட்டினார்கள். அருங்காட்சியகமாக மிஞ்சியவை மூன்றே. ஓ'பிரையன் 1943 ஜூனில் கடலில் இறங்கியது. வேகம் 11 நாட். நம்மூர் சைக்கிளும் கூடவே வரும். 1944-இல் இங்கிலாந்துக்கும் நார்மண்டிக்கும் 11 நடை போனது. மறுவருஷம் கல்கத்தாவுக்கும் வந்துபோனது.

நார்மண்டி என்றால் எனக்குக் காது நிமிரும். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். லெ ஆவ்ர், ஷெர்பூர், கான் என்று அந்தக் கரையை ஒப்பிப்பேன். செங்கல்பட்டு ஜில்லாவின் எல்லையைக் கேட்டால் விழிப்பேன். 1994-இல், ஐம்பதாம் ஆண்டு நினைவுக்கு, இந்தக் கப்பல் தன் சொந்த நீராவியில் மறுபடி நார்மண்டிக்குப் போயிற்று. ஓட்டிப்போனவர்கள் பெரும்பாலும் எழுபதை ஒட்டிய கிழவர்கள். இன்று என் வயதுக்காரர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்!

இப்போது அது சான்பிரான்சிஸ்கோவில் நிற்கிறது. 2020 மே மாதம் பக்கத்துக் கிடங்கு தீப்பற்றியபோது தீயணைப்புக்காரர்கள் காப்பாற்றிவிட்டார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். ஒவ்வொரு ஜூன் முதல் வாரக் கடைசியிலும் இப்படிப்பட்ட அருங்காட்சியகக் கப்பல்களில் ஹாம் வானொலி நண்பர்கள் ஏறி உட்கார்ந்து உலகத்தைக் கூப்பிடுகிறார்கள். ‘நியூ ஜெர்சி’ போர்க்கப்பலின் ஹாம் கழகம் இதை நடத்துகிறது. எனக்கு ஹாம் லைசென்ஸ் கிடையாது, கேட்பதோடு சரி. ஒரு சிற்றலை ரிசீவர், மொட்டைமாடியிலிருந்து தென்னைமரம் வரை ஒரு செப்புக் கம்பி, அவ்வளவே. லண்டனில் நிற்கும் ‘பெல்ஃபாஸ்ட்’ போர்க்கப்பலை ஒரு ராத்திரி தெளிவாகப் பிடித்தேன். ஓ'பிரையன் மட்டும் அகப்படவில்லை. கூரத்துக்கும் அதற்கும் சுமார் 14,000 கிலோமீட்டர்; அலை வடதுருவப் பக்கமாகச் சுற்றி வரவேண்டும்.

“என்னங்க, வெறும் இரைச்சலை இவ்வளவு நேரமாக் கேக்கறீங்க?” என்றாள் வீட்டுக்காரி.

அந்தக் காலத்துக் கப்பலின் வானொலி அறையிலும் அதே வேலைதான். போர்க்காலத்தில் வாயைத் திறந்தால் எதிரிக்கு இருக்குமிடம் தெரிந்துவிடும். அதனால் வானொலிக்காரர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டபடியே இருப்பார். அமைதிக்காலத்திலும், அபாயச் செய்திக்கான அலைவரிசையில் மணிக்கு இருமுறை மூன்று மூன்று நிமிடம் எல்லாக் கப்பலும் மௌனம் காக்கவேண்டியிருந்தது. பலவீனமாக யாராவது கத்தினால் காதில் விழவேண்டுமே! அந்த நிமிடங்களைக் கடிகார முகத்திலேயே சிவப்பாகத் தீட்டியிருப்பார்கள். அப்படி ஊமையாய் ஓடிய கப்பல் இன்று ஊரெல்லாம் கூப்பிட்டுப் பேசுகிறது.

நம் ஆட்கள் சங்கதி வேறு. பிரிட்டிஷ் சரக்குக் கப்பல்களில் கரி அள்ளிய, எண்ணெய் போட்ட லஸ்கர்கள் ஆயிரக்கணக்கில் கடலோடு போனார்கள். கடற்படையினரையும் சேர்த்து 6,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் பம்பாய், சிட்டகாங் நினைவுப் பதிவுகளில் இருக்கின்றன. யார் புரட்டிப் பார்த்தார்கள்? 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் பஞ்சும் வெடிமருந்தும் ஒன்றாக ஏற்றி வந்து வெடித்த ‘ஃபோர்ட் ஸ்டிகின்’ கப்பலும் லிபர்ட்டிக்குப் பங்காளி முறைதான். அன்று மாண்ட தீயணைப்பு வீரர்களுக்காகத் தீத்தொண்டு வாரம் கொண்டாடுகிறோம், அது நியாயமே. ஆனால் மாலுமிகளுக்கும் துறைமுகக் கூலிகளுக்கும் ஒன்றுமில்லை. கப்பலை வைத்துக் காப்பாற்ற நமக்குக் கட்டுப்படியாகாது, ஒப்புக்கொள்கிறேன். வருஷத்தில் ஒரு நாள், ஒரு சிறப்பு அழைப்புக் குறியோடு அந்தக் கப்பலின் பேரை வானில் சொல்ல நம் ஹாம் நண்பர்களுக்குப் பெரிய செலவா ஆகிவிடும்? படிப்பவர்களில் யாராவது ஹாம் இருந்தால் யோசியுங்கள்.

ஜூன் வருகிறது. கம்பியைக் குரங்கு அறுத்துப் போட்டிருக்கிறது. பக்கத்து வீட்டுப் பையனை ஏறச் சொல்லியிருக்கிறேன்.